வாகீசனின் நான்காம் பருவம்

வாகீசன் பத்மநாதனின் வேலை ஓடுவதும் பிடிப்பதும்தான். பந்தை எறிகிறவன் வேறொருவன். அது விழப்போகிற இடத்துக்கு வாகீசன் முதலே ஓடிப்போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அவன் திரும்பிப் பார்க்கும்போது பந்து ஏற்கெனவே காற்றில் வந்துகொண்டிருக்கும். பிடித்த அடுத்த கணம் எதிரணிக்காரன் ஒருவன் முழு வேகத்தில் வந்து மோதுவான். மோதப்போகிறான் என்று தெரிந்தும் பந்திலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்கிறவனை அணியில் றிசீவர் என்பார்கள்.

ரொறன்ரோவில் இந்த விளையாட்டின் பெயர் ஃபுட்போல். தமிழ்க் கடையில் அப்படிச் சொன்னால் எல்லோருக்கும் உதைபந்தாட்டம்தான் நினைவுக்கு வரும். வாகீசனின் தாய் இராஜேஸ்வரி மில்லிக்கனில் ஒரு தமிழ் உணவுக்கடையின் சமையலறையில் வேலை செய்கிறார். மகன் பல்கலைக்கழக அணியில் விளையாடுகிறான் என்று சொல்லும்போதெல்லாம் மா ஒட்டிய இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே விரித்துக் காட்டுவார்.

“காலாலை இல்லை, கையாலை. கோழிமுட்டை மாதிரி ஒரு பந்து.”

“பிடிச்சால் என்ன கிடைக்கும்?” என்று ரோல்ஸ் சுற்றுகிற பெண் கேட்பார்.

“பிடிச்சால் அடி கிடைக்கும்.”

சமையலறை சிரிக்கும். இராஜேஸ்வரியும் சிரிப்பார். அவர் மகனின் ஆட்டத்தை இரண்டு முறைதான் நேரில் பார்த்திருக்கிறார். இரண்டு முறையும் பெரும்பாலான நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

வாகீசன் இந்த விளையாட்டுக்குள் வந்தது தற்செயலாக. பத்தாம் வகுப்பில் கூடைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தவனிடம் உடற்பயிற்சி ஆசிரியர் ஒரு நாள் அந்த முட்டைப் பந்தை விளையாட்டாக எறிந்தார். அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு ஒரு கையால் பிடித்தான். ஆசிரியர் இன்னொன்று எறிந்தார். அதையும் பிடித்தான். அடுத்த கிழமை பெற்றோரின் சம்மதம் தேவைப்பட்டது. தகப்பன் பத்மநாதன் பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுகிறவர்; மாலை வேலைக்குப் போகிற அவசரத்தில் இருந்தார்.

“ஆபத்தான விளையாட்டோ?” என்று கேட்டார்.

“ஹெல்மெற் போடுவம் அப்பா. இற்ஸ் சேஃப்.”

“ஹெல்மெற் போட்டு விளையாடுறதெண்டால் பிறகென்ன சேஃப்?”

கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வீட்டில் ஆங்கிலத்தில் வருகிற எதையும் விளக்கிச் சொல்கிறவன் வாகீசன்தான். அவன் சரி என்றால் சரி.

இந்த விளக்கிச் சொல்லும் வேலை அவனுக்கு எட்டு வயதிலேயே வந்துவிட்டது. அக்கா நிலாணி மூன்று வயது மூத்தவள். ஆனாலும் அந்நியரோடு கதைக்கக் கூச்சப்படுவாள். ஆகவே வங்கி, வரி அலுவலகம், பல் வைத்தியர், பாடசாலை எல்லாவற்றிலும் தாய்க்குப் பக்கத்தில் வாகீசன் இருந்தான். அகதிகளாக வந்து இறங்கிய எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள்தான் பெற்றோரின் வாய். ஒருமுறை பாடசாலையில் பெற்றோர் சந்திப்பு. மகன் வகுப்பில் வாயை மூடுவதேயில்லை என்று ஆசிரியை குறைப்பட்டார். வாகீசன் தாயிடம் திரும்பி, “வகுப்பிலை நல்லாக் கதைக்கிறனாம்” என்றான். இராஜேஸ்வரி பெருமையோடு ஆசிரியைக்கு நன்றி சொன்னார். மேசைக்குக் கீழே நிலாணி அவனுக்கு ஒரு உதை விட்டாள். வீட்டில் அது நெடுநாள் சிரிப்புக் கதையாக இருந்தது.

பிழையாகச் சொல்லக்கூடாத இடத்தில் அவன் பிழையாகச் சொன்னதில்லை. பத்மநாதன் பண்டகசாலையில் முதுகில் அடிபட்டு ஆறு மாதம் வீட்டில் இருந்தபோது, டொக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் பதின்மூன்று வயதுப் பையன் அப்படியே தமிழில் கொடுத்தான், சத்திரசிகிச்சையில் என்ன பிழை வரலாம் என்பது உட்பட. அதற்குப் பிறகு இராஜேஸ்வரிக்கு மகன் சொல்வதும் டொக்டர் சொல்வதும் ஒன்று.

பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு வருடம் அவன் பெரும்பாலும் மைதான ஓரத்து வாங்கில் குந்தியிருந்தான். மூன்றாம் வருடம் உதைத்த பந்துக்குப் பின்னால் ஓடி எதிரியை மறிக்கிற வேலை கிடைத்தது. யாரும் விரும்பாத வேலை. பயிற்றுநர் கிளிபோட் பழைய விளையாட்டுக்காரர். கடைசி வரை நின்று செய்கிறவனைக் கவனிப்பார். நான்காம் வருடத் தொடக்கத்தில் வாகீசனை முதல் வரிசையில் நிறுத்தினார்.

கனடாவில் ஆடும் முறையில் ஒரு விசேடம் உண்டு. பந்து அசைவதற்கு முன்னரே றிசீவர் ஆட்டம் தொடங்குகிற கோட்டின் பக்கம் ஓடி வரலாம். அவன் கோட்டை அடைவதும் பந்து எழும்புவதும் ஒரே கணமாக இருக்க வேண்டும். ஓர் அடி முந்தினாலும் அணிக்குத் தண்டம். அணியில் வாகீசனைவிட வேகமானவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். ஆனால் அந்தக் கணத்தை அவனைப் போல் பிடித்தவர் எவருமில்லை. அந்தப் பருவத்தில் பந்தை எறிகிறவன் நெருக்கடி வந்தால் அவன் பக்கம்தான் பார்த்தான். செப்டெம்பர் முடிவதற்குள் அவன் பெயர் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலும் அடிபட்டது.

ஒக்டோபர் தொடக்கத்தில் கிளிபோட் அவனைத் தன் அறைக்கு அழைத்தார்.

“மாதக் கடைசியில் நம்முடைய மைதானத்தில் நடக்கிற ஆட்டத்துக்குத் தொழில்முறை அணிகளிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். உன் பெயரைக் கேட்டார்கள்.”

“என் பெயரையா?”

“உச்சரிக்கத் தெரியவில்லை. ஆனால் கேட்டார்கள்.”

அன்று மாலை அவன் ஒட்டாவாவில் படித்துக்கொண்டிருந்த நிலாணிக்குத் தொலைபேசி எடுத்தான். “அக்கா, ரெண்டு ரீம். ரெண்டு!” என்றான். இந்த நாட்டில் தமிழ்ப் பையன்கள் பெரிதாகப் போகாத ஒரு கதவு, இவனுக்கு ஒரு பிற்பகல் திறந்திருக்கப்போகிறது. அந்தப் பிற்பகல் அவன் மைதானத்தில் நிற்க வேண்டும். வேறொன்றும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை, வெளியூர் ஆட்டமொன்றில், மேலே எழும்பிப் பந்தைப் பிடித்து மல்லாந்து விழுந்தான். பின்தலை செயற்கைப் புல்லில் அடித்தது. எழும்பி நின்றான், ஆனால் காலை அகல வைத்து நின்றான். அணியின் உடற்சிகிச்சையாளர் கிளடிஸ் உடனே ஓடிவந்து அவனை வெளியே கூட்டிப்போனார். தலைக்கவசத்தை வாங்கித் தன் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டார். அதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் யாரும் உள்ளே ஓட முடியாது.

கிளடிஸ் ஜமெய்க்காவிலிருந்து சிறுமியாக வந்தவர். அந்த வேலையில் இருபது வருடம். விளையாட்டுக்காரர் தங்கள் தலையைப் பற்றிச் சொல்வதை அவர் நம்புவதில்லை.

“தலையிடிக்கிறதா என்று உன்னிடம் கேட்கமாட்டேன். உன்னோடு ஒரே வீட்டில் இருக்கிற ஒருவரோடு நான் பேச வேண்டும்,” என்றார்.

மற்றவர்களுக்கு அறைத்தோழர்கள் இருந்தார்கள். வாகீசன் வீட்டிலிருந்து போய்வருகிறவன்.

அந்த ஞாயிறும் திங்களும் மில்லிக்கன் வீட்டில் என்ன நடந்தது என்று இராஜேஸ்வரிக்குத் தெரியும். மகன் நிலவறையில் இருந்த தன் அறையின் யன்னலைப் போர்வையால் மூடிவிட்டுப் படுத்துக்கிடந்தான். வயிற்றில் இருந்ததையெல்லாம் சத்தி எடுத்தான். மேலே யாராவது கதிரையை இழுத்தால் காதைப் பொத்தினான். தாய் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. என்ன வைத்தியம் செய்வது என்று அவருக்கு விளங்கவில்லை. சொதியும் சோறும் குழைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். தட்டு அப்படியே திரும்பி வந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை கிளடிஸிடமிருந்து அழைப்பு வந்தது. பத்மநாதன் வேலைக்குப் போயிருந்தார். வாகீசன் கைத்தொலைபேசியைச் சமையலறை மேசையில் வைத்து, ஒலியைக் கூட்டிவிட்டான். அழைத்தவர் யாரென்று அறிந்ததும் இராஜேஸ்வரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

“மகன் எப்படி இருக்கிறான், ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று அம்மாவிடம் கேள்,” என்றார் கிளடிஸ்.

“அம்மா, நான் எப்பிடி இருக்கிறன் எண்டு கேக்கிறா.”

இராஜேஸ்வரி தொலைபேசியை நோக்கிக் குனிந்தார். தூரத்தில் நிற்கிற ஒருவருக்குச் சொல்வது போலக் குரலை உயர்த்தினார்.

“ஞாயிற்றுக்கிழமை ரெண்டு தரம் சத்தி எடுத்தவன் எண்டு சொல்லு. லைற் போட்டால் கத்துறான். நேற்று, அப்பா வேலைக்குப் போட்டாரோ எண்டு கேட்டவன், நான் ஓம் எண்டனான். பிறகு வந்து திருப்பி அதையே கேக்கிறான். சாப்பாட்டை வைச்சால் சும்மா பாத்துக்கொண்டு இருக்கிறான். எனக்குப் பயமாக் கிடக்குது எண்டு சொல்லு.”

வாகீசன் ஆங்கிலத்தில், பல்கலைக்கழகப் பையன்கள் பேசுகிற வேகத்தில் சொன்னான்: “நான் பழைய மாதிரியேதான் இருக்கிறேனாம். சனிக்கிழமை கொஞ்சம் களைத்துப்போயிருந்தேனாம், இப்போது ஒன்றுமில்லையாம். சாப்பிடுவதுதான் போதாதாம்.”

மறுமுனையில் சிரிப்பு. “அவ்வளவு நேரம் பேசினாரே?”

“அதில் பாதி நான் சாப்பிடாததைப் பற்றித்தான்.”

“குரலைக் கேட்டால் பயந்த மாதிரி இருக்கிறது.”

“நான் தபால்பெட்டி வரை நடந்தாலும் அவருக்குப் பயம்தான்.”

“நான் உன்னைத் திருப்பி விளையாட விடுவதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார்?” என்று கேட்டார் கிளடிஸ்.

“அம்மா, இனி என்ன செய்யிறது எண்டு கேக்கிறா.”

“இந்தக் கிழமையும் விடவேண்டாம், வாற கிழமையும் விடவேண்டாம். வடிவாச் சுகம் வந்தபிறகு பாப்பம் எண்டு சொல்லு. அவவும் ஒரு பொம்பிளை தானே, அவவுக்கு விளங்கும்.”

“டொக்டர் என்ன சொல்கிறாரோ அதற்குத் தனக்குச் சம்மதமாம்,” என்றான் வாகீசன்.

கிளடிஸ் நன்றி சொன்னார். அந்தச் சொல் இராஜேஸ்வரிக்கு விளங்கியது. “தாங்க் யூ, தாங்க் யூ” என்று அவரும் தொலைபேசிக்குள் சொன்னார்.

“என்னவாம்?”

“எல்லாம் பாத்துச் செய்யிறன் எண்டு சொன்னவ, அம்மா.”

“நல்ல மனிசி.”

மிச்சம் எல்லாம் ஒழுங்குப்படி நடந்தது. ஒவ்வொரு கோடையிலும் பருவம் தொடங்குமுன் விளையாட்டுக்காரர்கள் கணினிக்கு முன்னால் இருந்து ஒரு சோதனை செய்வார்கள்: சொற்களை ஞாபகம் வைப்பது, நிறம் மாறியதும் பொத்தானை அமுக்குவது. தலையில் அடிபட்டால் அதையே திருப்பிச் செய்யவைத்துப் பழைய புள்ளியோடு ஒப்பிடுவார்கள். கோடையில் வேண்டுமென்றே மந்தமாகச் செய், பிறகு உதவும் என்று மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அங்கே வழக்கம். வாகீசனும் அப்படித்தான் செய்திருந்தான். அடிபட்டபின் அவன் எடுத்த புள்ளி, கோடையில் எடுத்ததைவிடப் பெரிதாகக் குறையவில்லை. லேசான ஓட்டம், பிறகு தனிப் பயிற்சி, பிறகு அணியோடு பயிற்சி என்று படிப்படியாக விட்டார்கள். ஒவ்வொரு படியிலும் ஒன்றுமில்லை என்றான். டொக்டர் சம்மதித்தார். கிளடிஸ் தலைக்கவசத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆட்டத்துக்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை காலை, அவன் பையை அடுக்குவதைக் கண்டு இராஜேஸ்வரி வாசலில் நின்றார்.

“எங்கை வெளிக்கிடுறாய்?”

“நாளைக்கு கேம், அம்மா.”

“அவ ஓம் எண்டவவோ?”

“ஓம். டொக்டரும் ஓம் எண்டவர்.”

நான் அவ்வளவு சொல்லியும் விடுகிறார்கள் என்றால் அவர்களுக்குத் தெரியாததா என்று அவர் நினைத்தார். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற அயலவரின் காரில் ஏறி, மகன் பெயரில் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

ஆட்டத்தில் தொழில்முறை அணிகளின் அந்த இரண்டு பேரும் பார்வையாளர் வரிசையின் மேலே கோப்பியோடு இருந்தார்கள். வாகீசன் நன்றாகவே ஆடினான். இடைவேளைக்குப் பிறகு, நடுமைதானத்தில் குறுக்காக ஓடி, தோளுக்குப் பின்னால் வந்த ஒரு பந்தைப் பிடித்தான். விழுத்திய அடி அப்படியொன்றும் பெரிதல்ல. எழும்பி நடுவரிடம் பந்தைக் கொடுத்தான். பிறகு எதிரணியின் வாங்கை நோக்கி நடந்தான். அவர்களில் ஒருவன் அவன் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பிவிட்டான். பார்த்தவர்கள் சிலர் சிரித்தார்கள்.

தன் வாங்குக்கு வந்து இருந்து, தலைக்கவசத்தைக் கழற்றி, குனிந்து பார்த்த கிளடிஸிடம் தமிழில் ஏதோ சொன்னான். அவர் என்ன என்று கேட்டார். அவன் திருப்பியும் தமிழிலேயே சொன்னான். பிறகு பக்கவாட்டில் சரிந்தான். அவன் சொன்னது என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பத்மநாதன் பிறம்ரனிலிருந்து வேலைச் சப்பாத்தோடு வைத்தியசாலைக்கு வந்தார். முதல் அடியின் காயம் ஆறாத மூளையில் இரண்டாவது அடி பட்டால் அது வீங்கிவிடும் என்று டொக்டர் விளக்கினார். விளக்கிச் சொல்ல வாகீசன் இல்லை. வைத்தியசாலை ஒழுங்கு செய்த ஒரு மொழிபெயர்ப்பாளர் தொலைபேசி வழியாக, திருத்தமான தமிழில், மண்டையோட்டின் ஒரு பகுதியை வெட்டியெடுக்கப் பெற்றோரின் அனுமதியைக் கேட்டார்.

அவன் உயிர் தப்பினான். பனி கொட்டத் தொடங்கிய பிறகுதான் கண்ணைத் திறந்தான். மறு கோடையில் கைத்தாங்கியோடு நடந்தான். இடது கால் இழுக்கிறது. கதைக்கும்போது வசனத்தின் நடுவில் நின்றுவிடுவான். எந்த மொழியென்றாலும் அப்படித்தான். மிச்சத்தை யாராவது எடுத்துக் கொடுத்தால் கோபம் வரும். அந்த இலையுதிர் காலம் முழுவதும் அவன் நினைவில் இல்லை. முதல் விழுந்ததும் இல்லை, பிறகு விழுந்ததும் இல்லை, இடையில் நடந்ததும் இல்லை. தொழில்முறை அணிகளின் பேச்சு அதோடு முடிந்தது. மறு பருவத்தில் அணி அவனுடைய சட்டை இலக்கத்தை எல்லாத் தலைக்கவசங்களிலும் ஒட்டிக்கொண்டு விளையாடியது. கிளிபோட் மாதம் ஒருமுறை வந்தார், பிறகு பண்டிகைகளுக்கு வந்தார்.

கிளடிஸ் வரக்கூடாது என்று இராஜேஸ்வரி சொல்லிவிட்டார். வைத்தியசாலைக்கு அவர் அனுப்பிய பூக்களை எடுத்து நடைபாதையில் வைத்தார். “நான் அவவுக்கு என்ரை வாயாலை சொன்னனான். எல்லாம் கேட்டுப்போட்டு, பந்துக்காக என்ரை பிள்ளையை விட்டவள்,” என்று உணவுக்கடையில், கோயிலில், கேட்ட எல்லோரிடமும் சொன்னார். வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுப்பதில்லை. நிலாணி படிப்பு முடிந்து ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்து, தம்பியைப் பயிற்சிகளுக்குக் கூட்டிப்போனாள். அவளும் தாய் சொன்னதைத்தான் நம்பினாள்.

இந்த வருட வசந்தத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் கிளடிஸ் அழையாமலே வந்து மணியை அடித்தார். வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். பத்மநாதன் கதவைத் திறந்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் காரைக் கழுவப் போய்விட்டார். வாகீசன் கீழே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான்.

“இருக்கச் சொல்லு,” என்றார் இராஜேஸ்வரி மகளிடம். தேநீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

கிளடிஸ் கோட்டைக் கழற்றாமல் இருந்தார். “நான் அன்றைக்கு நேரில் வந்திருக்க வேண்டும். தொலைபேசியில் கேட்டது என்னுடைய பிழை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

நிலாணி தமிழில் சொன்னாள்.

“நேரிலை என்ன, ஃபோனிலை என்ன? நான் அவ்வளவும் சொன்ன பிறகும் ஏன் விட்டவ எண்டு கேள். அது ஒண்டுதான் எனக்குத் தெரியவேணும்.”

நிலாணி ஆங்கிலத்தில் கேட்டாள்: “அவன் சத்தி எடுத்ததையும், கேட்டதையே திருப்பிக் கேட்டதையும் அம்மா உங்களிடம் சொன்னார். விடவேண்டாம் என்றும் சொன்னார். பிறகும் ஏன் விட்டீர்கள்?”

கிளடிஸ் அவளையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இல்லை. அப்படி எதுவும் சொல்லவில்லை. பழைய மாதிரியே இருக்கிறான் என்றார். சாப்பிடுவது போதாது என்றார். டொக்டர் சொல்வதற்குச் சம்மதம் என்றார். அதை நான் மறக்கவில்லை. ஒரு நாளும் மறந்ததில்லை.”

நிலாணி மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்தாள்.

“என்னவாம்?” என்றார் தாய்.

“ஒண்டுமில்லை, அம்மா.”

“ஒண்டுமில்லாததுக்கு ஏன் உன்ரை முகம் இப்பிடிப் போகுது? அவ சொன்னதை அப்பிடியே சொல்லு.”

நிலாணி சொன்னாள். சொல்லும்போது தாயைப் பார்க்கவில்லை, மேசைவிரிப்பைப் பார்த்துச் சொன்னாள்.

கீழே தொலைக்காட்சியில் யாரோ எதற்கோ கை தட்டினார்கள். இராஜேஸ்வரி நிலவறைப் படிக்கட்டின் பக்கம் திரும்பினார். கதவு பாதி திறந்திருந்தது. எழும்பிப் போய் அதைச் சாத்திவிட்டு வந்து இருந்தார்.

“ஓம்,” என்றார். “நான் அப்பிடித்தான் சொன்னனான் எண்டு சொல்லு.”

“அம்மா...”

“சொல்லு பிள்ளை. அவன் நான் சொன்னதைத்தான் சொன்னவன். எனக்குத்தான் பிறகு மனம் கேக்காமல் மாத்திக் கதைச்சுக்கொண்டு திரிஞ்சனான் எண்டு சொல்லு. அவனிட்டை இதைப் பற்றி ஒண்டும் கேக்க வேண்டாம் எண்டும் சொல்லு.”

நிலாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் மாற்றாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். கிளடிஸ் நீண்ட நேரம் இராஜேஸ்வரியின் முகத்தைப் பார்த்தார். இருபது வருடமாக மற்றவர்களின் முகத்தில் உண்மையைத் தேடியவர். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அம்மா, ஆர்... ஆர் வந்திருக்கினம்?”

“கிளடிஸ் வந்திருக்கிறா,” என்று இராஜேஸ்வரி உரத்துச் சொன்னார். “உன்ரை கிளடிஸ். மேலை வா தம்பி, வந்து கதை.”

படியில் கைத்தாங்கி ஊன்றும் சத்தம் கேட்டது. அவன் ஏறி வர நேரமெடுக்கும், யாரும் உதவிக்குப் போகவும் கூடாது. இராஜேஸ்வரி தேநீருக்குத் தண்ணீர் வைக்க எழுந்தார்.